அம்மாவின் கொப்பியில் 27 வீடுகள்



மார்கழி வந்தால் உங்களில் பலருக்கு வேலை இரட்டிப்பாகும். பலகாரம் சுடுவது ஒன்று. வெளிநாட்டில் இருந்து வரப்போகும் சொந்தக்காரருக்காக வீட்டுக்கு வெள்ளையடித்து, கிணற்றடியை உரஞ்சிக் கழுவி, மெத்தையை வெயிலில் காயப்போட்டு (மாரியில் வெயில் எங்கே என்பது வேறு கதை) காத்திருப்பது மற்றொன்று. அப்படி வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரிகளில் நானும் ஒருத்தி. எங்களைப் பற்றிக் குசினிக்குள் நீங்கள் என்ன கதைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்தக் குசினிக்குள் வளர்ந்தவள்தான். இந்த மாதம் எங்கள் பக்கத்துக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். என் பிழையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2024 மார்கழியில் என் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு லண்டனில் இருந்து குருநகருக்கு வந்தேன். மூத்தவனுக்கு 14 வயது, இளையவளுக்கு 9. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நான்காவது ரிக்கற்றுக்கு எங்களிடம் காசு இருக்கவில்லை. பாடசாலை மூடுவதற்கு ஒரு கிழமை முன்னரே வந்தால் ரிக்கற் மலிவு அல்லவா என்று கேட்பீர்கள். அங்கே அனுமதி இல்லாமல் பிள்ளையை ஐந்து நாள் மறித்தால் தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியே, பிள்ளைக்கு 80 பவுண் வீதம் தண்டம் வரும். 60 ஆக இருந்ததை 2024 ஆவணியில்தான் கூட்டினார்கள். ஆகவே மார்கழி 20 இல் பாடசாலை மூடியதும் புறப்பட்டு, தை 6 இல் திறப்பதற்குள் திரும்ப வேண்டும். பறக்கிற நாளையும் வானில் ஆடுகிற நாளையும் கழித்தால் ஊரில் நிற்க 12 நாள்.

பத்து வருடத்துக்குப் பிறகு 12 நாள். 2014 இல் ஒருமுறை வந்தபோது மூத்தவனுக்கு 4 வயது. வந்த மூன்றாம் நாளே காய்ச்சல் பிடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே லீவு முடிந்துவிட்டது. ஒரு வீட்டுக்கும் போகவில்லை. பிறகு இளையவள் பிறந்தாள். பிறகு கொரோனா. பிறகு 2022 இல் இங்கே பெற்றோலுக்கும் மாவுக்கும் வரிசை. "இப்ப வராதை பிள்ளை, வந்தால் உன்ரை பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது" என்று அம்மாவே மறித்தார்.

கட்டுநாயக்காவில் இறங்கி வானில் ஏறினோம். வேதக்காரர் நாங்கள் என்றாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போன வாகனத்தை நான் கண்டதில்லை. கச்சான் வாங்கி, வான்காரத் தம்பி தேங்காய் உடைத்துவிட்டு வரும்வரை நின்றோம். கார்த்திகைக் கடைசியில் பெய்த மழையின் வெள்ளம் அப்போதும் வழியெல்லாம் தேங்கிக் கிடந்தது. அந்த வெள்ளத்தோடு மார்கழித் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் வந்து சிலர் இறந்தும் இருந்தார்கள். காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலே போதும், எலியின் சலம் கலந்த தண்ணீரால் அந்த நோய் ஏறிவிடும். செருப்பில்லாமல் வெள்ளத்துக்குள் கால் வைக்கக்கூடாது, பகலிலும் நுளம்பெண்ணெய் பூச வேண்டும், ஏனென்றால் டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்தான் என்று வழிநெடுக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஊர் என்றால் காய்ச்சலும் கடியும்தான் என்று அவர்கள் நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா படலையடியில் நின்றார். 81 வயது. பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து, அவர்களின் கன்னத்தை மோந்து பார்த்து, ஒன்றும் கதைக்காமல் நின்றார். பிள்ளைகளும் கதைக்கவில்லை. அவர்களுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் வாயில் வராது. அம்மாவுக்கு ஆங்கிலம் 'தாங்யூ'வோடு சரி.

விடிந்ததும் தேத்தண்ணியோடு ஒரு 80 பக்கக் கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். "பிள்ளை, போக வேண்டிய வீடுகள்" என்றார். எண்ணிப் பார்த்தேன். 27.

சகோதரிகளே, 12 நாளில் 27 வீடு. அதற்குள் நத்தார், புதுவருடம். அதோடு என் பிள்ளைகளுக்கு ஒருநாளாவது கசூரினாக் கடற்கரையைக் காட்ட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். கொப்பியைப் பார்த்ததும் எனக்கு முகம் கறுத்தது. ஆனாலும் சூட்கேசைத் திறந்து, சவர்க்காரம், சொக்லேட், சென்ற், ஒரு துவாய் என்று 27 பார்சலாகப் பிரித்துக் கட்டினேன். ஒரு வீட்டுக்குக் கூடவும் இன்னொரு வீட்டுக்குக் குறையவும் போனால் என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வீடு வீடாகப் போவது எப்படி இருக்கும் என்பதை என் மூத்தவன் சொன்னபடி சொல்கிறேன். முதலில் "என்னைத் தெரியுதோ?" என்று கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் மரியாதை இல்லை, தெரியும் என்றால் "அப்ப நான் ஆர், சொல்லு பாப்பம்" என்பார்கள். அடுத்தது "தமிழ் கதைப்பியோ?" பிள்ளை வாயைத் திறந்து ஏதோ சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். அன்பாகத்தான் சிரிக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பதினாலு வயதுப் பெடியனுக்கு அது சிரிப்பாக மட்டுந்தான் கேட்கும். இரண்டாம் வீட்டுக்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. பிறகு நெக்டோ சோடாவும் கேக்கும் வரும். வேண்டாம் என்று சொன்னால் கோபிப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்து சோடா குடித்து இளையவள் வான் யன்னலால் சத்தி எடுத்தாள்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வீட்டில் நாங்கள் உள்ளே போய் இருந்ததும், பின்பக்கத்தால் ஒரு சின்னப் பொடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளிக்கிடுவதை நான் கண்டேன். சோடா வாங்கத்தான். அந்த வீட்டில் அது கடனுக்கு வாங்கிய சோடா என்பது கடைக்காரரின் கொப்பிக்குத்தான் தெரியும். நாங்கள் கொடுத்த பார்சலை விட அவர்கள் அன்று செலவழித்தது கூடவாக இருக்கும். தேத்தண்ணி போதும் என்று வாசலிலேயே சொல்ல எனக்குப் புத்தி வந்தது அதற்குப் பிறகுதான்.

24 ஆம் திகதி சாமப்பூசைக்குப் போனோம். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பெரிய திருநாளென்றால் கோவில் வாசலில் பையைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மூத்தவன் திகைத்துப்போனான். எனக்கு அது புதிதில்லை. எங்கள் யாகப்பர் கோவிலில் 1993 கார்த்திகையில் விமானக் குண்டு விழுந்தபோது எனக்கும் 14 வயதுதான். ஊரடங்கு போட்ட காலத்தில் சாமப்பூசையைச் சாமத்தில் வைக்க முடியாமல், பொழுதுபட முன்னரே பாலன் பிறந்த வருடங்களும் இருந்தன. இவர்கள் ஏன் 'கிறிஸ்மஸ்' என்று சொல்லாமல் 'நத்தார்' என்கிறார்கள் என்று இளையவள் கேட்டாள். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன 'நத்தால்' என்ற சொல் என்றும், 1658 இல் அவர்கள் போனாலும் அலுமாரியும் மேசையும் யன்னலும் எங்களோடு நின்றுவிட்டன என்றும் சொன்னேன். பூசை முடியும்வரை அவள் 'அலுமாரி, அலுமாரி' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நத்தாரன்று காலையில் பயத்தம் பணியாரம், சிப்பி, அச்சுப்பலகாரம், கேக் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, துணியால் மூடி, அயலில் இருந்த சைவ வீடுகளுக்கு அனுப்பினார் அம்மா. அந்த வருடம் செத்தவீடு நடந்து பலகாரம் சுடாத வீடு ஒன்றுக்கு இரண்டு தட்டு. 26 காலை எங்கும் போகவில்லை. சுனாமி வந்து அன்றோடு 20 வருடம். 9.25 க்கு இரண்டு நிமிடம் எழும்பி நின்றோம்.

27 ஆம் திகதிதான் அந்தச் சம்பவம் நடந்தது. பதினோராவது வீடு. மண்வாசல், தகரக் கூரை, முற்றத்தில் கருவாடு காய்கிறது. மூத்தவன் வானை விட்டு இறங்க மாட்டேன் என்றான். நான் கண்ணால் வெருட்டி இறக்கினேன். உள்ளே போய்க் கதிரையில் இருந்தவன், தங்கச்சியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "இந்த நாத்தத்துக்குள்ளை எப்பிடித்தான் இருக்கினமோ" என்றான். யாருக்கும் விளங்காது என்று நினைத்தான். அந்த வீட்டில் சாதாரண தரம் படிக்கிற ஒரு பிள்ளை தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். அவள் நல்ல ஆங்கிலத்தில், மழை விட்டால் வெளியே காயப்போடுவோம், இரண்டு நாளாகத் தூறலாக இருப்பதால் கிட்ட வைத்திருக்கிறோம் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை அவன் கையில் கொடுத்தாள்.

நான் எப்படி அந்த வீட்டை விட்டு வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. வானுக்குள் அவனைப் பேசினேன். வீட்டுக்கு வந்து அம்மாவையும் பேசினேன். அதுதான் நான் முதலில் சொன்ன என் பிழை. "நான் உங்களோடை இருக்க வந்தனான் அம்மா. ஆர் ஆற்றையோ வீடுகளுக்குப் போறதுக்கோ இவ்வளவு காசு செலவழிச்சு வந்தது? அதுகள் செத்தாலும் எனக்குத் தெரியப்போறதில்லை" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்று இரவு நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இளையவள் லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போகிறவள். கதைக்க வராவிட்டாலும் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். விறாந்தையில் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு அந்தக் கொப்பியை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். அம்மாவும் பிள்ளை தமிழ் வாசிக்கிறாளே என்ற புளுகத்தில் திருத்திக்கொண்டிருந்தார். நான் பார்த்தது கொப்பியின் கடைசிப் பக்கங்களை மட்டுந்தான். அவள் வாசித்தது முதல் பக்கத்தை.

"அப்-பா-வின் அடக்-கத்-துக்கு வந்த ஆக்-கள்."

எனக்குக் கை ஓடவில்லை.

என் அப்பா 2007 ஆனியில் இறந்தார். நான் லண்டனுக்குப் போய் ஆறு வருடம். அகதி வழக்கு முடியவில்லை, கையில் ஒரு பாஸ்போட் இல்லை. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி உள்ளே வர முடியாது. வந்திருந்தாலும் கொழும்பு மட்டுந்தான். 2006 ஆவணியில் முகமாலையில் சண்டை தொடங்கியதோடு ஏ9 வீதி பூட்டப்பட்டுவிட்டது. தொலைபேசியும் ஒழுங்காக வேலை செய்யாத நாட்கள். அப்பா போன செய்தி எனக்குக் கிடைத்தது மூன்றாம் நாள். அப்போது அடக்கம் முடிந்திருந்தது. நான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலையில் நின்றேன். விடியும்வரை நின்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஆட்களைப் பிடிக்க முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அம்மா அந்தக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். துக்கமணி அடித்த நேரம். பிள்ளைகள் ஒருவரும் பக்கத்தில் இல்லாதபடியால் தலைமாட்டில் நின்றது யார், பெட்டி தூக்கியது யார் யார், பின்னேர ஊரடங்குக்கு முன்னர் அடக்கம் முடிய வேண்டும் என்பதற்காக ஓடி ஓடிக் கிடங்கு வெட்டியது யார். பெட்டி வாங்கப் பட்டினத்தில் கிடைக்காமல், வள்ளம் கட்டவென்று வைத்திருந்த பலகையை அறுத்து இரவோடிரவாகப் பெட்டி அடித்துத் தந்த தச்சு வேலைக்காரர். அயலில் ஆறு வீட்டுக்காரர் சேர்ந்து கொடுத்த அரிசி, எத்தனை கொத்து என்ற கணக்கோடு. மொத்தம் 43 பேர். வெளியே போனாலே வீடு திரும்புவோமா என்று தெரியாத அந்த நாளில் வந்த 43 பேர்.

அவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் வெளிநாடு. மிச்சம் 27 வீடு. கடைசிப் பக்கத்தில் இருந்தது அந்த 27. நாங்கள் காலையில் போன, கருவாடு காய்ந்த வீட்டுக்காரர் பெட்டி தூக்கிய நால்வரில் ஒருவர்.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை அம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னால் நீ அழுதழுது போவாய். ஆக்களைப் பாத்துச் சிரிச்சுக் கதைக்க வேணுமெல்லே. நத்தாருக்கு வந்த பிள்ளை" என்றார்.

மூத்தவன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மம்மா படுத்த பிறகு என்னிடம் வந்து, "நீங்க ஏன் வரேல்லை?" என்று கேட்டான். அவனுக்கு நான் இதுவரை சொன்னதில்லை. தாத்தா வருத்தம் வந்து செத்தார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அகதி வழக்கு என்றால் என்ன, நான் எப்படி லண்டன் வந்தேன், பெற்றோல் நிலையத்தில் அந்த இரவு என்ன செய்தேன் என்று ஒரு மணித்தியாலம் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். பிள்ளைகளுக்குப் பாரம் ஏற்றக்கூடாது என்று நாங்கள் எத்தனையோ விடயத்தை மூடி வைக்கிறோம். மூடி வைத்துவிட்டு, சொந்தத்தின் அருமை தெரியாத பிள்ளைகள் என்று அவர்களையே குறையும் சொல்கிறோம்.

அடுத்த நாள் அவன் திருந்தி நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று நான் எழுதப் போவதில்லை. காலையில் எழும்ப மறுத்தான், புட்டு வேண்டாம் என்றான். ஆனால் தச்சு வேலைக்காரரின் வீட்டுக்குப் போனபோது நான் சொல்லாமலே இறங்கினான். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. "என்னைத் தெரியுதோ?" என்று அவர் கேட்கவில்லை. அவன் போய்ப் பக்கத்தில் இருந்து, "அந்தப் பலகை என்ன மரம்?" என்று கேட்டான். ஒவ்வொரு சொல்லாக, உடைந்து உடைந்து வந்த தமிழ். ஒருவரும் சிரிக்கவில்லை. வேம்பு என்றார் அவர். அந்த வள்ளம் பிறகு கட்டினீர்களா என்று கேட்டான். இல்லை, கடலுக்குப் போக விட்டால்தானே தம்பி வள்ளம் என்றார். பாஸ், நேரக் கட்டுப்பாடு என்று அந்த நாளில் கடற்றொழில் பட்ட பாட்டை அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நாங்கள் ஒரு வீட்டில் இரண்டு மணித்தியாலம் இருந்தது அங்கேதான்.

30 ஆம் திகதி கொடிகாமத்துக்குப் போனோம். 1995 ஐப்பசி 30 இல் யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது எங்களைத் தங்கள் வீட்டு விறாந்தையில் இருத்திய சைவக் குடும்பம் அது. அந்த வருட நத்தார் எங்களுக்கு அங்கேதான். எங்களுக்குப் பெருநாள் என்று அறிந்து அந்த அம்மா சர்க்கரைப் பொங்கல் பொங்கித் தந்தார். அவரைத்தான் 2007 இல் மகன் சைக்கிளில் ஏற்றி, சோதனைச் சாவடிகள் எல்லாம் தாண்டிக் குருநகர் வரை 20 கிலோமீற்றருக்கு மேல் மிதித்துக் கொண்டுவந்தார். அரிசியும் தேங்காயும் கொண்டுவந்து, ஊரடங்கால் திரும்ப முடியாமல் இரவு அம்மாவோடு படுத்துவிட்டு விடியத்தான் போனார். இப்போது அவர் படுக்கையில். என்னை அவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கருவாடு வீட்டுக்கு மறுபடி போனோம். மூத்தவன்தான் போக வேண்டும் என்றான் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால் நான்தான் கூட்டிப்போனேன். அவன் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் பரவாயில்லை என்றாள். அவ்வளவுதான். இருவருக்கும் வெட்கம்.

கசூரினாவுக்குப் போகவில்லை. தை 3 இரவு வான் வந்தபோது கொப்பியில் 22 வீட்டுக்குச் சரி போட்டிருந்தது. ஐந்து பார்சல் மேசையில் மிச்சம். அவற்றைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அம்மா என் சூட்கேசுக்குள் மிளகாய்த்தூளையும் பனங்கட்டியையும் அடுக்கிக்கொண்டு, "விடு பிள்ளை, லீவு காணாது" என்றார்.

இந்த மார்கழியில் உங்கள் வீட்டுக்கும் யாராவது பிள்ளைகளோடு வரக்கூடும். எனக்கு உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்தப் பிள்ளைகளிடம் தமிழ்ச் சோதனை வைக்காதீர்கள். முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை சிரிக்காமல் இருங்கள். மற்றது, சோடாவை விடுங்கள். அவர்களின் தாயோ தகப்பனோ இந்த வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், எந்த மரத்தில் ஏறி விழுந்தார்கள், எந்த நாளில் நீங்கள் அவர்களுக்கு யாராக இருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வருகிற எங்களுக்கும் ஒன்று சொல்வேன். அம்மாமார் தருகிற பட்டியலைப் பார்த்து முகம் கறுக்க முன்னர், இந்த வீடு ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். அதை விமானம் ஏற முன்னரே கேட்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

2025 மாசியில் ஒருநாள் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, ஓட்டோ பிடித்துக்கொண்டு போய் மிச்சப் பார்சலில் இரண்டைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றார். 81 வயதில், அந்த வெயிலுக்குள். நான் ஏசினேன். பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மூத்தவன் தலையை நிமிர்த்தி, "அப்ப இன்னும் மூண்டு" என்றான்.